மரவேலை முடிந்தது, கயிறு பாக்கி: 1:72 விக்டரி

எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரியில் பலகை ஒட்டி, செப்புத் தகடு பதித்து, பீரங்கிகளை வரிசையாக நிறுத்தியதும் கப்பல் முடிந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. அசல் கப்பலில் ஏறக்குறைய 26 மைல் நீளத்துக்குக் கயிறு ஓடியது. 1:72 அளவுக்குச் சுருக்கினாலும் 580 மீட்டர் வரும். அந்தக் கயிறுகள் ஓடுவதற்கு மட்டும் 768 கப்பிகள். அழகாக வந்த எத்தனையோ மாதிரிகள் இந்தக் கட்டத்தில்தான் கெட்டுப்போகின்றன. கைத்திறன் போதாததால் கெடுவது அபூர்வம். கட்டும் வரிசை தப்புவதும் கயிற்றின் தடிமன் தப்புவதும்தான் பெரும்பாலும் காரணம்.

கயிற்றைத் தொடுவதற்கு முன் எந்த ஆண்டின் விக்டரி என்று முடிவு செய்துவிடுங்கள். 1759-இல் ஏரா (அடிமரம்) வைத்து 1765-இல் கடலில் இறக்கிய கப்பல் வேறு, 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் நின்ற கப்பல் வேறு. 1800 முதல் 1803 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் பின்பக்கமான அமரத்தின் திறந்த மாடங்கள் போய்விட்டன, முன்பக்கமான அணியத்துச் சிற்பமும் எளிமையானது. போர்ட்ஸ்மவுத்தில் இப்போது நிற்கும் கப்பலின் படங்களைப் பார்த்துக் கயிறு கட்டுவது ஆபத்து. அந்தப் படங்களில் தெரியும் கீழ்மரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேறொரு கப்பலிலிருந்து வந்த இரும்புக் குழாய்கள். மேல் அடுக்கு மரங்களையும் 2011-இல் கழற்றிவிட்டார்கள். 1805 என்று முடிவு செய்தால் பாய்மரத்தின் வளையங்களுக்கு மஞ்சள் பூசுங்கள். எதிரிக் கப்பல்களின் வளையங்கள் கறுப்பாக இருந்ததால், புகைக்குள் தன் கப்பல்களைப் பிரித்தறிய பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இட்ட உத்தரவு அது. பல மாதிரிகளில் வளையங்கள் கறுப்பாகவே இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு மாலை நேரத்து வேலைதானே!

இனி தடிமன். அந்தக் காலத்துக் கணக்கில் கயிற்றைச் சுற்றளவால்தான் சொல்வார்கள், விட்டத்தால் அல்ல. இதைக் கவனிக்காமல் அட்டவணையைப் படிப்பவர்கள் மூன்று மடங்கு தடித்த கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். 1:72-க்கு ஒரு சுலபமான வழி உண்டு. அங்குலத்தில் உள்ள சுற்றளவை 9-ஆல் வகுத்தால் மாதிரிக் கயிற்றின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஸ்டேயின் சுற்றளவு, அந்த மரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய பாதி. பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் அந்த ஸ்டேயில் பத்தில் ஆறு பங்கு. இந்தக் கணக்கில் பெரிய பாய்மரத்தின் ஸ்டே 2.1 மி.மீ. அளவில் வரும், ஷ்ரவுட் 1.2 முதல் 1.3 வரை. ஷ்ரவுட்டை இறுக்கும் லான்யார்டு அதில் பாதி. ஏணிப்படி போன்ற ராட்லைன் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நங்கூரக் கயிறு 24 அங்குலச் சுற்றளவு, அதாவது 2.7 மி.மீ. கிட்டோடு வரும் நூலில் இவ்வளவு வகை பெரும்பாலும் இருக்காது. மூன்று நான்கு தடிமனை வைத்தே எல்லாவற்றையும் சமாளிக்கச் சொல்வார்கள். ராட்லைன் மட்டும் அரை மில்லிமீட்டருக்கு ஏறிவிட்டால் போதும், முழுக் கப்பலும் பொம்மை போல ஆகிவிடும்.

பருத்தி நூலுக்கு இரண்டு குறை. மேலே பஞ்சு பிசிறும், ஈரத்துக்கு ஏற்ப நீளம் மாறும். ஈரம் ஏறினால் சுருங்கும், காய்ந்தால் தளரும். ஏசி அறையில் விறைப்பாகக் கட்டியது மழைக்காலத்தில் இறுகி, பாய்மரத்தின் மேல் அடுக்கான மெல்லிய டாப்கேலன்ட் மரத்தையே வளைத்துவிடும். மூன்று புரியாக முறுக்கிய பாலியெஸ்டர் நூல் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மரங்களைப் பிடித்து நிற்கும் நிலைக் கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பார்கள் என்பதால் அவை அடர்ந்த பழுப்பு கலந்த கறுப்பு, பாய்களை இயக்கும் ஓடும் கயிறுகள் வெளிர் பழுப்பு. சுத்தக் கறுப்பு நூல் இந்தச் சிற்றளவில் கண்ணைக் குத்தும்.

பாய்மரங்களைக் கப்பலில் நடுவதற்கு முன்பே, மேசை மீது வைத்தே முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மரத்திலும், பாய் தொங்கும் குறுக்குக் கம்பங்களான பருமல்களிலும் தொங்கும் எல்லாக் கப்பிகளையும் இப்போதே கட்டிவிடுங்கள். கப்பல் மேல் நிற்கும் மரத்தில் 3 மி.மீ. கப்பியைக் கட்ட முயன்றால் ஒரு கப்பிக்கு அரை மணி நேரம் போகும், கீழே ஏதாவது ஒன்று உடையும். கிட்டில் வரும் கப்பிகள் சதுரமாக, கூர்மையான மூலைகளோடு இருக்கும். உப்புத்தாள் ஒட்டிய சிறு டப்பாவில் போட்டு மோட்டாரில் மெதுவாகச் சுழற்றினால் மூலைகள் உருண்டுவிடும். துளைகளை 0.7 மி.மீ. டிரில்லால் திறந்து வையுங்கள். மெருகெண்ணெயும் தூசும் துளைக்குள் அடைத்திருப்பது கயிறு கோக்கும்போதுதான் தெரியும். பருமலின் நடுவில் 0.8 மி.மீ. பித்தளை ஊசி ஒன்றைச் செருகி, மரத்திலும் அதற்கு நேராகத் துளையிட்டு வைத்தால், பிறகு கட்டும்போது பருமல் நழுவாது.

நடும் வரிசையில், அணியத்திலிருந்து முன்னால் நீளும் பௌஸ்பிரிட் மரம் முதலில். முன் பாய்மரத்தின் ஸ்டேகள் அதில்தான் போய் முடிகின்றன. அதைக் கீழே கட்டும் காமனிங், பாப்ஸ்டே இரண்டும் இறுகாமல் மேலே எதையும் இழுக்கக்கூடாது. இழுத்தால் பௌஸ்பிரிட் மேல்நோக்கி வளையும். அதன் பிறகு அதை நேராக்க வழியே இல்லை.

ஷ்ரவுட்கள் ஜோடி ஜோடியாக வரும். ஒரே கயிற்றை நடுவில் மடித்து, அந்தக் கண்ணை மரத்தின் உச்சியில் மாட்டி, இரண்டு முனைகளையும் ஒரே பக்கம் இறக்க வேண்டும். முதல் ஜோடி வலப்பக்கம் முன்னால், இரண்டாவது இடப்பக்கம் முன்னால், இப்படியே மாறி மாறிப் பின்னோக்கிச் செல்லும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உச்சியில் கண்கள் ஒரு பக்கமாகக் குவியும், மரமும் சாயும். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ள ஷ்ரவுட்டை மேலிருந்து கீழ்வரை மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றுங்கள். அசலில் பாய் வந்து உரசும் இடம் அது என்பதால் அப்படிச் சுற்றியிருப்பார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பக்கத்தில் வந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படும்.

ஷ்ரவுட்டின் அடியில் மூன்று துளையுள்ள வட்டக் கட்டை வரும், டெட்ஐ என்பார்கள். கீழ்க்கட்டையில் இரண்டு துளை மேலே, ஒன்று அடியில், ஒரு முகம் மாதிரி. மேல்கட்டை அதற்கு நேர்மாறாக, தனித் துளை உச்சியில். லான்யார்டின் முடிச்சு மேல்கட்டையின் உட்பக்கத்தில் ஒளிந்திருக்க வேண்டும். எல்லா மேல்கட்டைகளும் ஒரே கோட்டில் நிற்க, பித்தளைக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, அதன் இரு முனைகளையும் மேல்கட்டை, கீழ்க்கட்டைத் துளைகளில் செருகி இடைவெளியைப் பிடித்துக்கொண்டு ஷ்ரவுட்டைக் கட்டுங்கள். கண்ணளவில் கட்டினால் பத்தாவது ஷ்ரவுட்டுக்குள் கோடு அலை போல ஆகிவிடும்.

லான்யார்டை உடனே முடிச்சுப் போட்டு ஒட்டிவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. ஷ்ரவுட் மரத்தைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் இழுக்கிறது, ஸ்டே முன்னுக்கு இழுக்கிறது. கீழ்மரத்துக்கு மேல் நிற்கும் டாப்மாஸ்டின் ஸ்டேயை இறுக்கியதும் கீழே ஏற்கெனவே விறைப்பாக இருந்த ஸ்டே தளர்ந்துபோகும். ஆகவே லான்யார்டுகளைக் கோத்து, முனையைத் தற்காலிகமாகச் சுற்றி மட்டும் விட்டுவையுங்கள். கீழிருந்து உச்சி வரை எல்லா ஸ்டேயும் ஏறிய பிறகு, மரங்களை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்துச் சரிசெய்து, அப்போது கட்டுங்கள். ஒட்டுவதற்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை போதும், நனைத்தால் இளகும். சூப்பர் க்ளூ வெள்ளைப் படலம் விடும், கயிற்றைக் கம்பி போல விறைக்க வைக்கும், தவறினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ராட்லைன் கட்டப் பொறுமை ஒன்றே முதல். படிகளின் இடைவெளி அசலில் 13 முதல் 15 அங்குலம், மாதிரியில் ஏறக்குறைய 5 மி.மீ. 5 மி.மீ.க்கு ஒரு கோடு போட்ட வெள்ளைத்தாளை ஷ்ரவுட்களுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, ஒவ்வொரு ஷ்ரவுட்டிலும் க்ளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இறுகும்போது ஷ்ரவுட்கள் உள்ளே இழுபட்டு உடுக்கை இடுப்பாகக் குறுகுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. இதைத் தவிர்க்க ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது படிகளை முதலில் கட்டி, ஓரத்து ஷ்ரவுட்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு இடையில் நிரப்புங்கள். படி சற்றே தொய்ந்திருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம். கண் களைத்தவுடன் இடைவெளி தானாகவே விரிய ஆரம்பிக்கும்.

பாய் கட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. இந்த அளவில் எந்தத் துணியும் கம்பளி போலத் தடிக்கும், மாதக்கணக்கில் கட்டிய கயிறுகளையும் மறைத்துவிடும். சுருட்டிய பாய் வேண்டுமென்றால் துணிக்குப் பதில் மெல்லிய டிஷ்யூ காகிதம், அதுவும் பாயின் முழு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். ஆனால் பாய் விரிக்காத கப்பலில் பருமல்கள் எங்கே நிற்கும் என்பதைக் கவனியுங்கள். கீழ்ப் பருமல்கள் தங்கள் இடத்திலேயே இருக்கும். டாப்செயில், டாப்கேலன்ட் பருமல்கள் பாய் விரிக்கும்போதுதான் மேலே ஏறும், மற்ற நேரத்தில் கீழே இறங்கிக் கிடக்கும். இறங்கிய நிலையில் அவற்றின் முனைகளைத் தாங்கும் லிஃப்ட் கயிறுகள் விறைப்பாக இருக்க வேண்டும். பாயில்லாமல் பருமல்கள் உச்சியில் நிற்பது கப்பல் தெரிந்தவரை உடனே உறுத்தும். பருமலுக்கு அடியில் மாலுமி நிற்கும் கால்கயிறு மூன்றடி தொங்கும், அதாவது 12 மி.மீ. தாராளம். நூல் லேசானது, தானாகத் தொங்காது. நீர்த்த பசையில் நனைத்துச் சிறு எடை மாட்டிக் காயவிடுங்கள்.

ஓடும் கயிறுகளை உள்ளிருந்து வெளியே, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டிவாருங்கள். பெரிய பாய்மரத்தின் அடியில் முடிய வேண்டிய கயிற்றை, பக்கங்களில் பருமல்களைத் திருப்பும் பிரேஸ் கயிறுகள் ஏறிய பிறகு தொட முடியாது. எந்தக் கயிறு எந்த முளையில் முடிகிறது என்று காகிதத்தில் எண்ணிட்டு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முளையில் எட்டு வடிவில் பலமுறை சுற்றினால் இந்த அளவில் உருண்டையாக வீங்கும். ஒரே சுற்று, ஒரு துளி பசை, மிச்சத்தை வெட்டிவிடலாம். தொங்கும் கயிற்றுச் சுருளைத் தனியாகச் செய்யுங்கள். மரத்துண்டில் மூன்று ஊசி குத்தி, அதில் சுற்றி, பசை தடவிக் காயவைத்து, பிறகு முளையில் மாட்டினால் போதும். இதற்கும் அதே கயிறுதான் வேண்டும். மெல்லிய நூலில் சுருள் செய்து தடித்த கயிற்றின் கீழே மாட்டியிருப்பதைப் பல மாதிரிகளில் பார்க்கலாம்.

கொடிகளில், 1801-க்குப் பிறகு பிரிட்டிஷ் கொடியில் புனித பேட்ரிக்கின் சிவப்புக் குறுக்குச் சிலுவையும் சேர்ந்துவிட்டது என்பதைப் பாருங்கள். டிரஃபால்கரின் புகழ்பெற்ற சமிக்ஞைக்கு 31 கொடிகள், 12 தவணையாக ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கியவை. அத்தனையையும் ஒரே நேரத்தில் தொங்கவிட்டால் திருவிழாத் தோரணம் ஆகிவிடும். ஒரு தவணை மட்டும் ஏற்றுங்கள். துணியைவிட மெல்லிய காகிதம் நல்லது. குறுக்காக மடிப்பு விழும்படி பென்சிலில் சுற்றி எடுத்தால் காற்றில்லாத நேரத்துக் கொடி போல இயல்பாகத் தொங்கும்.

நங்கூரம், படகுகள், அமரத்து விளக்குகள் எல்லாம் கடைசியில். முன்பே வைத்தால் சட்டைக் கை பட்டே உடையும். பாகங்களில் ஈயம் இருந்தால் அதற்கொரு எச்சரிக்கை. மரமும் பிளைவுட்டும் சில பசைகளும் விடும் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் தேங்கி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். ஓக் மரம் இதில் மிக மோசம். ஈயப் பீரங்கிகளைப் பித்தளைக்கோ ரெசினுக்கோ மாற்றுவது நல்லது. அது முடியாவிட்டால் பெட்டியின் அடித்தட்டுக்கு ஓக் வேண்டாம், காற்று போகச் சில துளைகளை விட்டு, உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டுங்கள். 1:72 விக்டரியில் கீழ்ப் பீரங்கித் தளம் மட்டும் 79 செ.மீ., பௌஸ்பிரிட் முனை வரை எடுத்தால் ஏறக்குறைய 1.4 மீட்டரைத் தொடும். பெட்டிக்கு நீளம் அளக்கும்போது உடற்பகுதியை அளக்காமல் மர முனைகளை அளந்து, ஒவ்வொரு பக்கமும் 6 செ.மீ. கூட்டி, அறைக் கதவின் அகலத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு அக்ரிலிக் வெட்டக் கொடுங்கள்.