32 மில்லிமீட்டர் ஆயா

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடிவிடுவோம். ராயபுரம், கடல் காற்று, ஒரு ட்யூப்லைட், நடுவில் கட்டம் போட்ட சார்ட் பேப்பர். தெருவில் கேட்டால் 'பசங்க மாடில கேரம் ஆடுறானுங்க' என்பார்கள். நாங்களும் திருத்தியதில்லை. திருத்தினால் விளக்க வேண்டும்.

ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வந்த விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான். அவன்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள டைஸை உருட்டினால், கதவு உடைகிறதா தோள்பட்டை உடைகிறதா என்று தெரிந்துவிடும்.

நண்பர்களின் பாத்திரங்கள் எல்லாம் கெத்தானவை. ஒருவன் எல்ஃப், அதாவது கூர்க்காது வைத்த மாய இனத்து வில்லாளி. ஒருவன் கறுப்பு அங்கி போட்ட திருடன். சின்ன வயதில் ஏதோ சோகம், கேட்டால் சொல்ல மாட்டான், கேட்காவிட்டாலும் சொல்லுவான். என் பாத்திரத்தின் பெயர் அஞ்சலை. வயது 62, தொழில் மீன் வியாபாரம். விதிப்படி கிளெரிக், அதாவது சாமியின் அருள் பெற்றவள். அதிலும் டெம்பஸ்ட் என்ற வகை: புயல், கடல், இடி, மின்னல் எல்லாம் இவர்கள் பக்கம். பக்கத்தில் வந்து அடிக்கிறவன் மேலேயே இடி திரும்ப விழும்படி இவர்களுக்கு ஒரு சக்தி உண்டு. புத்தகத்தில் அந்த வரியைப் படித்ததுமே எனக்கு எங்கள் ஆயா ஞாபகம்தான் வந்தது. காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவள். அவளிடம் வம்புக்குப் போய் முழுசாகத் திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை. ஆயாவை அப்படியே எடுத்து அஞ்சலை ஆக்கிவிட்டேன். ஆயுதம் அரிவாள்மணை. அதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லாததால் கைக்கோடாலிக் கணக்கில் டிஎம் சேர்த்துக்கொண்டான்.

மற்றவர்கள் ஆளுக்கொரு மினியேச்சர் பொம்மை வைத்திருந்தார்கள். அஞ்சலைக்கு மட்டும் ஆறு மாதமாகக் கேரம் போர்டின் சிவப்புக் காய்தான். ஒரு தடவை சண்டையின் நடுவில் என் தம்பி வந்து அந்தக் காயைக் கேரம் ஆட எடுத்துப் போய்விட்டான். அஞ்சலை மாயமாகிவிட்டாள், பூதம் குழம்பிவிட்டது. அன்றைக்கு டிஎம் சொல்லிவிட்டான்: "மாசக் கடைசிக்குள்ள படமும் மினியும் வரணும். இல்லன்னா அஞ்சலையை டிராகன் முழுங்கிடும்."

சரி, முதலில் படம். இணையத்தில் 'பெண் கிளெரிக்' என்று தேடினேன். ஆயிரக்கணக்கில் வந்தார்கள், எல்லோருக்கும் இருபத்திரண்டு வயது. கவசம் போட்டிருந்தார்கள், ஆனால் எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடத்தைத் தவிர மற்ற இடங்களில். 'வயதான பெண்' என்று மாற்றினால் உடனே சூனியக்காரி: வளைந்த மூக்கு, மரு, கையில் துடைப்பம். இந்தக் கற்பனை உலகத்தில் பெண்கள் இருபத்திரண்டிலிருந்து நேராக எண்பதுக்குப் போய்விடுகிறார்கள் போலிருக்கிறது, நடுவில் பஸ் எங்கும் நிற்பதில்லை. ஏஐயிடம் சொல்லிப் பார்த்தேன். சேலை கட்டிய அம்மாள் வந்தாள். பற்பசை விளம்பரத்துச் சிரிப்பு, கூடையைப் பிடிக்க மூன்று கை, கூடைக்குள் துண்டு போட்ட சால்மன். ஆயாவிடம் காட்டினேன். "இன்னா மீனுடா இது? கேரட் மாரி கீது" என்றாள். வெளிநாட்டு ஓவியர் ஒருவரிடம் விலை கேட்டேன். டாலரில் சொன்னார். ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. அங்கே இருக்கிற டிசைனர் அண்ணன் சும்மா ஆள் இல்லை. மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம், தலைவருக்குப் பின்னால் நெருப்பு, காது குத்துகிற குழந்தைக்குப் பின்னால் தாஜ்மஹால் என்று எதைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் வைப்பவர். மின்னலும் கடலும் அவருக்கு எம்மாத்திரம்?

போனேன். ஆயாவின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, விளையாட்டை முதலிலிருந்து விளக்கினேன். பக்கத்தில் பிரிண்டர் போட்ட சத்தத்தில் அவர் காதில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. ஆனால் தலையை மட்டும் நன்றாக ஆட்டினார்.

"இன்னா சைஸு தம்பி?"

"ஏ4 போதும்ணே."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரொம்ப சின்னது. வீட்ல ஒத்துக்கினாங்களா?"

"வீட்ல யாருக்கும் தெரியாதுண்ணே."

அதைக் கேட்டதும் மனுஷன் குரலே இறங்கிவிட்டது. பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ சொன்னார். "பேரு?"

"அஞ்சலை."

"ம். தோற்றம்?"

எப்போது உருவாக்கினோம் என்று கேட்கிறார் என நினைத்தேன். "போன மார்ச் 12."

என் கணக்குப் புத்தியின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் துக்க வீட்டுக்காரனைத் துருவக் கூடாது என்று அப்படியே டைப் அடித்தார். "மறைவு?"

இங்கேதான் நான் பூரித்துப் போனேன். இந்த விளையாட்டில் ஸ்டெல்த் என்று ஒரு திறமை உண்டு. மறைந்து மறைந்து, சத்தம் இல்லாமல் நடப்பது. பரவாயில்லையே, மனுஷன் இவ்வளவு நுணுக்கமாகப் பிடித்துக்கொண்டாரே என்று சந்தோஷத்தோடு சொன்னேன்: "அதெல்லாம் அவளுக்கு வராதுண்ணே. தலைல கூடை இருக்குல்ல, சத்தம் கேட்டுடும்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் என் தோளைத் தட்டி, "டீயைக் குடி தம்பி" என்றார்.

கால் மணி நேரத்தில் திரையைத் திருப்பினார். பின்னால் கொந்தளிக்கும் கடல், மேலே மின்னல், எல்லாம் கேட்டபடி அட்டகாசம். நடுவில் ஆயா. ஆயாவுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலை'. கீழே 'கண்ணீருடன் பேரன்' என்று போட்டு என் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு வட்டமும் விட்டிருந்தார்.

"அண்ணே, இது உயிரோட இருக்கிற ஆயா!" என்று நான் கத்தியதும் பிரிண்டர் நின்றதும் ஒரே நேரம். அதுவரை எனக்குப் பின்னால், மஞ்சள் நீராட்டு விழா பேனருக்காக எங்கள் தெரு அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாலு பிளாஸ்டிக் சேர் போட்டாகிவிட்டது. ஒன்றில் ஆயாவே உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே தெருப் பெண்கள் மூன்று பேர், அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகத்தோடு. ஒருத்தி கையில் பெரிய ரோஜா மாலை.

"இன்னாடா கஸ்மாலம், போஸ்டர் அடிச்சிட்டியாமே?" என்றாள் ஆயா. "எந்தச் செவுத்துல ஒட்டப் போற?"

எல்லாவற்றையும் விளக்கினேன். பூதம், டிராகன், இடி என்று. மாலைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயாவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. "அப்போ அந்த ஆட்டத்துல நான்தான் ஹீரோயினா?" என்றாள். ஆமாம் என்றேன். மாலையை வாங்கி உள்ளே அம்மன் படத்துக்குப் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். ஒரு கையில் அரிவாள்மணை, இடுப்பில் கூடை. "ஒழுங்கா புடி. போன தடவ மாரி தூங்கு மூஞ்சியா புடிச்சினு போனா அவன் செத்தவன்னுதான் நெனப்பான்." அந்தப் போட்டோக்களை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அண்ணன் குத்துவிளக்கை எடுத்துவிட்டுப் புதுசாகச் செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. படம் முடிந்தது.

அடுத்தது பொம்மை. இந்த மினியேச்சர்களின் அளவு சுத்தமாக ஒரு கணக்கில் இருக்கும். வரைபடத்தில் ஓர் அங்குலக் கட்டம் என்றால் கதையில் ஐந்தடி. மனுஷ பொம்மை 28-லிருந்து 32 மில்லிமீட்டர் உயரம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொம்மையை விடக் கூரியரும் சுங்கமும் உயரம். கைகாக்ஸே ஆரம்பத்தில் கடையில் விற்ற மலிவான ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பையை வாங்கி, அதிலிருந்த என்ன மிருகம் என்றே தெரியாத உருவங்களுக்குப் பெயர் வைத்துத்தான் துருப்பூச்சி, ஆந்தைக்கரடி மாதிரி பூதங்களை உண்டாக்கினார். அவருக்கே அது போதும் என்றால் எனக்கென்ன என்று பர்மா பஜாரில் ஆரம்பித்துப் பாரிமுனை பொம்மைக் கடைகள் வரை ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். பச்சை ராணுவ வீரன், டைனோசர், தலை ஆட்டும் நாய். மீன்காரி இல்லை.

கொசப்பேட்டைக்குப் போனேன். கொலு பொம்மைக்குப் பேர்போன இடம். அங்கே காய்கறிக்காரி இருக்கிறாள், செட்டியார் கடை இருக்கிறது, கல்யாண ஊர்வலம் முழு செட்டாக இருக்கிறது. வாசலில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், காய்கறிக்காரியைக் கொஞ்சம் மீன்காரியாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். தக்காளிக்குக் கண் வைத்தால் மீன் என்றார். அளவு சொன்னேன்: 32 மில்லிமீட்டர். தன் கட்டை விரல் நகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, பொம்மை கேக்கறியா, பொத்தான் கேக்கறியா?" அவரிடம் இருந்ததிலேயே சின்னது மூன்று அங்குலம். ஆசைக்கு வாங்கி வந்து வரைபடத்தில் வைத்தேன். கணக்குப்படி பதினைந்தடிக் காய்கறிக்காரி. எல்ஃப் அவளுடைய கத்திரிக்காய் உயரம் இருந்தான். டிஎம் அசந்துபோய், "இவளை நான் வில்லனா வெச்சிக்கறேன்" என்று எடுத்துக்கொண்டான்.

கடைசியில் கை கொடுத்தது தண்டையார்பேட்டையில் ரெசினில் பொம்மை வார்க்கும் 3டி பிரிண்டர் வைத்திருக்கும் கல்லூரிப் பையன். அவன் அம்மா ரெசின் நாற்றம் தாங்காமல் மெஷினோடு அவனை மாடி ஷெட்டுக்குத் துரத்தியிருந்தார். ஆயாவின் போட்டோவைப் பார்த்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல் செய்தான். சேலைக் கொசுவம் இந்த அளவில் முடி மாதிரி வந்து ஒடிந்துவிடும் என்று மடிப்புகளைத் தடிமனாக்கினான். கூடையில் எத்தனை மீன் வேண்டும் என்று கேட்டான். நான் ஆயாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மீனை எவன்டா எண்ணி விப்பான், கூறு எத்தினினு கேளு" என்றாள்.

இந்த பிரிண்டர் வேலை செய்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தொட்டியில் திரவ ரெசின். கீழிருந்து புற ஊதா ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும். ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர், ஆக 32 மில்லிமீட்டர் ஆயாவுக்கு 640 அடுக்கு. முதலில் பாதம், அப்புறம் சேலை என்று வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியபடியே வளருவாள். வளர்ந்தாள், வளர்ந்தாள், கழுத்து வரை வந்தாள். கரண்ட் போய்விட்டது.

அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். நான்தான் அறிவில்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மொதல்ல அஞ்சலி. இப்போ முண்டமா?"

அடுத்த வாரம் பையன் யாரிடமோ யுபிஎஸ் கடன் வாங்கி முழுசாக எடுத்தான். கையுறை போட்டு ஆல்கஹாலில் அலசி, புற ஊதா விளக்கில் காட்டி, சாம்பல் நிறத்தில் என் கையில் கொடுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடுப்பில் கை வைத்த நிற்பைப் பார்த்ததும் நான் வாங்கிய கடன் எதையாவது திருப்பித் தரவில்லையோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

பெயிண்ட் அடித்தது என் வேலை, மேற்பார்வை ஆயா. சேலை அரக்கு நிறம்தான் வேண்டும், வாய் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்திருக்க வேண்டும், மூக்குத்தி இல்லாமல் வெளியே வர மாட்டாள். மூக்கே கடுகில் பாதி. பல் குத்தும் குச்சியைச் சீவி, தங்கச்சியின் தங்க நிற நெயில் பாலிஷில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. முதல் தடவை கன்னத்தில் விழுந்தது. இரண்டாம் தடவை மூக்கில்தான் விழுந்தது. ஆனால் ஆயாவின் கணக்கில் அது தப்புப் பக்கம்.

மாசக் கடைசி சனிக்கிழமை அஞ்சலை களம் இறங்கினாள். ஆயா நெத்திலி வறுவல் தட்டோடு மாடிக்கு வந்து, எல்லாப் பொம்மையையும் ஒரு சுற்று பார்த்தாள். "வாளு, வேலு எல்லாம் வெச்சினுகீறானுங்க. ஒருத்தனாவது சோத்து மூட்ட எடுத்தாந்தானா?" டிஎம் சிரிக்காமல் கதையைத் தொடர்ந்தான். பாலத்தை மறித்து காப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கும்பல் ஒன்று நிற்கிறது. தாண்ட வேண்டுமானால் பத்துத் தங்கக் காசு.

எல்ஃப் வில்லை எடுத்தான். திருடன் நிழலில் பதுங்கினான். நான் இடியை வரவழைக்கத் தயாரானேன்.

"இன்னா கேக்கறான் அவன்?" என்றாள் ஆயா.

"பத்து தங்கக் காசு ஆயா."

"மூணு சொல்லு. சொல்லிட்டுக் கூடையைத் தூக்கினு திரும்பி நட."

அஞ்சலையை எடுத்து இரண்டு கட்டம் பின்னால் நகர்த்தினேன். டிஎம் புத்தகத்தைப் புரட்டினான், டைஸைப் பார்த்தான், அப்புறம் ஆயாவைப் பார்த்தான். டைஸை உருட்டச் சொல்லவே இல்லை.

"சரி ஆயா," என்றான். "நாலு."