சோழன் மாளிகை இருந்த ஊர்ல ஒரு நாள்: பழையாறை சுத்தின கோயில்கள்

கும்பகோணம் வர்றவங்க பெரும்பாலும் நவக்கிரகம், கும்பேஸ்வரர், சாரங்கபாணி, மகாமகக் குளம்னு பாத்து முடிச்சிட்டு ஒரு டிகிரி காபியோட கிளம்பிடறாங்க. தென்மேற்கால ஒரு எட்டு கிலோமீட்டர் போனா சோழர்களோட பழைய தலைநகரமே இருக்கு, பழையாறை. தஞ்சாவூர்ல ராஜ்ஜியம் நடந்தப்பவும் ராஜ குடும்பத்துக்கு இங்க அரண்மனை இருந்துச்சு. இன்னிக்கு அந்த அரண்மனைல பாக்கறதுக்குன்னு ஒண்ணும் இல்ல, சோழன் மாளிகைன்னு ஒரு கிராமத்துப் பேர்தான் இருக்கு, படைவீடுகள் இருந்த இடம்னு சொல்ற ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர்னு நாலு ஊர் இருக்கு, நடுவுல எல்லாம் நெல்லு வயலும் வாழையும்தான். ஆனா அந்த ராஜாக்கள் கும்பிட்ட சாமி எல்லாம் அங்கயேதான் இருக்கு, நாம போய் அதே வாசல்ல நின்னு கும்பிடலாம். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா படுது.

அம்மாவுக்கு ரொம்ப நாளா ஆசை, அதனால காலைலயே ஆட்டோ பேசிக் கிளம்பிட்டோம். முதல்ல தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டின ஐராவதேஸ்வரர் கோயில், 2004ல உலக பாரம்பரியச் சின்னமா சேத்தாங்க. துர்வாசர் சாபத்துல நிறம் மாறிப்போன இந்திரனோட வெள்ளை யானை இங்க வந்து பூஜை பண்ணி பழையபடி ஆச்சுன்னு தல புராணம். குதிரையும் சக்கரமும் வச்ச தேர் மாதிரி மண்டபத்தை எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க, எடுக்கட்டும், பாக்க வேண்டியதுதான். ஆனா கருவறையச் சுத்தி வெளிச்சுவர்ல இடுப்பு உயரத்துக்கும் கீழ சின்னச் சின்னதா ஒரு வரிசை சிற்பம் இருக்கு, அதை விட்டுட்டு வந்துடாதீங்க. அத்தனையும் நாயன்மார் கதை, மேல பேரும் வெட்டியிருக்காங்க. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்துல பெரிய புராணம் பாடினாரு, அவன் மகன் அதைக் கல்லுல கொண்டாந்துட்டான். அம்மா தேவார கிளாஸ் போறவங்க, ஒவ்வொண்ணா குனிஞ்சு பாத்து இது இன்னாரு இது இன்னாருன்னு சொல்லிட்டே வந்தாங்க, முதலை வாய்ல இருந்து பிள்ளை வெளிய வர்ற சிற்பத்துக்கிட்ட வந்ததும் சுந்தரர் பதிகத்தை வாய்விட்டே பாட ஆரம்பிச்சிட்டாங்க, பக்கத்துல வேடிக்கை பாத்துட்டு இருந்த காலேஜ் பசங்க நாலு பேர் அப்படியே நின்னு கேட்டாங்க. பக்கத்துல பெரியநாயகி அம்மன் தனிக் கோயிலா இருக்கு, அங்கயும் போகணும்.

அடுத்து பட்டீஸ்வரம். வடக்கு வாசல் பக்கம் எட்டுக் கையோட துர்க்கை, மகிஷன் தலை மேல நின்னாலும் முகம் அவ்ளோ சாந்தம். சோழ ராஜாக்கள் போருக்குப் போகும்போது இவகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் போவாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. செவ்வாய், வெள்ளி ராகு காலத்துல எலுமிச்சம்பழ விளக்கு போட கூட்டம் தாங்காது. துர்க்கையோட திரும்பிடறவங்கதான் அதிகம், தயவுசெஞ்சு உள்ள போய் தேனுபுரீஸ்வரரையும் ஞானாம்பிகையையும் பாருங்க. நந்தி எல்லாம் நேர்கோட்டுல இல்லாம விலகி இருக்கும். சம்பந்தர் சின்னப் பிள்ளை, வெயில்ல நடந்து வர்றாருன்னு ஈசன் பூதங்கள்கிட்ட முத்துப்பந்தல் குடுத்தனுப்பிட்டு, பிள்ளை வர்ற அழகை நான் பாக்கணும் நீ கொஞ்சம் தள்ளுன்னு நந்திகிட்ட சொன்னாராம். ஆனி மாசம் முத்துப்பந்தல் விழா அதுக்காகத்தான்.

எதுத்தாப்புலயே திருச்சத்திமுற்றம். அம்பாள் லிங்கத்தைத் தழுவிக்கிட்டு இருக்கற கோலம். கல்யாணம் தள்ளிப்போறவங்க நிறைய வர்றாங்க.

அதுக்கு மேல போறதுக்கு கூட்டமே இல்ல. ராமநாதன் கோயில்னு ஊர்ல சொல்றாங்க, பேரு பஞ்சவன்மாதேவீச்சரம். ராஜராஜனோட மனைவிகள்ல ஒருத்தி பஞ்சவன்மாதேவி, பழுவூர்ப் பொண்ணு. அவ பேர்ல ராஜேந்திரன் எழுப்பின பள்ளிப்படை, அதாவது இறந்தவங்க நினைவா எழுப்பற கோயில் இது. பெத்த தாய் இல்ல, சிற்றன்னை. கங்கை வரைக்கும் படை அனுப்பினவன், கடாரம் ஜெயிச்சவன், சிற்றன்னைக்காக இவ்வளவு அடக்கமா அழகா ஒரு சிவன் கோயில் கட்டியிருக்கான். அம்மா ரொம்ப நேரம் அங்கயே உக்காந்துட்டாங்க. தஞ்சைப் பெரிய கோயிலைப் பாத்து மலைச்சுப் போற எனக்கு இங்கதான் அந்தக் குடும்பத்து மேல பாசமே வந்துச்சு.

கீழப்பழையாறைல சோமநாதர் கோயில் இருக்கு. இது மங்கையர்க்கரசியார் பிறந்த ஊர், பாண்டியன் வீட்டுக்கு மருமகளா போயி மதுரைக்கு சம்பந்தரை வரவழைச்ச அம்மா. பழையாறையோட வடதளி கோயில்லதான் சமணர்கள் மறைச்சு வச்ச சிவலிங்கத்தைக் காட்டினாத்தான் சாப்பிடுவேன்னு அப்பர் உண்ணாவிரதம் இருந்தாரு, ராஜா கனவுல ஈசன் வந்து இடத்தைச் சொன்னாரு. செங்கல் கட்டடம், காலத்துல ரொம்ப அடிபட்ட கோயில். தலைநகரம்னு சொன்னா நம்பவே முடியாத அமைதி.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பெரும்பாலும் பன்னெண்டு மணிக்கு நடை சாத்தி நாலு மணிக்கு மேலதான் திறப்பாங்க, சின்னக் கோயில்ல குருக்கள் இருக்காரான்னு ஊர்ல விசாரிச்சிட்டுப் போங்க, விளக்குக்கு எண்ணெய் கையோட வாங்கிட்டுப் போங்க. நேரம் இருந்தா பாபநாசம் ரோட்டுல திருநல்லூரும் சேத்துக்கோங்க. பழையாறைல பிறந்த அமர்நீதி நாயனார், அடியார் வேஷத்துல வந்த ஈசனோட கோவணத்துக்கு ஈடா தராசுல தானே ஏறி உக்காந்தது அங்கதான், சத்திமுற்றத்துல அப்பர் திருவடி கேட்டப்போ நல்லூருக்கு வான்னு சொன்ன ஈசன் அவர் தலைல திருவடி வச்சதும் அங்கதான், அதனால சிவன் கோயிலா இருந்தாலும் பெருமாள் கோயில் மாதிரி நம்ம தலைல சடாரி வைப்பாங்க.