ஒரு வெள்ளைத்தாள்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பதினோரு வருடம் இருந்தேன். வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, அப்புறம் மெமோ, சார்ஜ் ஷீட் டைப் அடிப்பது என் வேலை.

ஒருநாள் ராத்திரி ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். இருவரின் டிபன் கேரியரிலும் அடித்தட்டில், சாம்பார் வாசம் போகாத கிண்ணத்துக்குள், தாமிரக் கம்பி வளையம் வளையமாகச் சுருட்டியிருந்தது. எடை போட்டால் மொத்தமே மூன்று கிலோ வரவில்லை. ஒருவர் பர்மனென்ட் எலக்ட்ரீஷியன். இன்னொருவன் அவருடைய ஹெல்பர், காண்டிராக்ட் பையன், எர்ணாவூரிலிருந்து சைக்கிளில் வருவான்.

எலக்ட்ரீஷியனுக்கு சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன், விசாரணை எல்லாம் முறைப்படி நடந்தது. 1981-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி சஸ்பென்ஷன் காலத்துக்குப் பிழைப்பூதியம்: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்குமேல் 180 நாள் வரை 75 சதவீதம். பக்கத்தில் துணைக்கு யூனியன்காரர். கடைசியில் இரண்டு இன்கிரிமென்ட்டை வெட்டி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அது சரிதான் என்று இன்றும் சொல்வேன். பத்தொன்பது வருடம் ஒரு மெமோகூட வாங்காதவர். டிஸ்மிஸ் செய்திருந்தாலும், தண்டனை அதிகம் என்று தோன்றினால் குறைக்கும் அதிகாரத்தை 1971-லேயே தொழில் தகராறு சட்டத்தின் 11ஏ பிரிவு லேபர் கோர்ட்டுக்குக் கொடுத்துவிட்டது.

பையனுக்கு அன்று ராத்திரியே கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாள் காலை காண்டிராக்டர் லிஸ்டில் அவன் பேரை அடித்தது நான்தான். மூன்று நாள் கேட் முன்னால் நின்றான். "சார், அண்ணன் வச்சிக்கச் சொன்னாரா, நானா எடுத்தேனான்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கலியே" என்றான். விசாரணைக்குச் சாட்சியாகக்கூட அவனைக் கூப்பிடவில்லை. ஆபீசரிடம் சொன்னேன். "அவன் நம்ம ஆள் இல்லப்பா, காண்டிராக்டர் ஆள்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அந்தப் பதில் இன்றுவரை இறங்கவில்லை. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளிகள் சங்கம் கட்டியது கூலிக்காக மட்டுமா? மேலதிகாரி திட்டினாலும் அடித்தாலும் ஏன் என்று கேட்க வழியில்லை என்பதற்காகவும்தான். அதே வடசென்னையில் வாய் திறக்க வழியில்லாமல் ஒரு பையன் திரும்பிப் போனான்.

அடுத்த வருடம் இன்னொரு காண்டிராக்ட் பையன் பிடிபட்டான். கேட் பாஸை வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதித் தரச் சொன்னேன். ஆபீசர் முறைத்தார். பையன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். அதை அவர் இரண்டு தடவை படித்தார். நான்காம் நாள் பையன் வேலைக்கு வந்தான்.