ஏரி வடிகிற மாதத்தில் காவேரிப்பாக்கம்

வேலூர்ப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டால் ஏலகிரி, அமிர்தி, ஜலகம்பாறை என்று ஒரே பாட்டுதான். நான் காவேரிப்பாக்கம் ஏரியைச் சொல்வேன். "அங்க இன்னா கீது, போட்டிங்கூட கிடையாதே" என்பான் என் மச்சான். போட்டிங் இல்லாததுதான் நல்லது.

வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வாலாஜா தாண்டினால் ஊர் வந்துவிடும். மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்து ஏரி, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. வாலாஜா பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, நிறைந்தால் கலங்கலில் வழிந்து கொசஸ்தலையாற்றில் சேர்ந்து பூண்டி வரைக்கும் போகிறது. சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் எங்கள் ஊர்ப் பங்கும் உண்டு!

எல்லாரும் ஏரி நிறைந்திருக்கும்போது போகிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இந்தப் பக்கம் எந்த ஏரிக் கலங்கலைப் பார்த்தாலும் செல்ஃபி கூட்டம். என்னைக் கேட்டால் தை, மாசியில் போங்கள், நவரைப் பட்டத்து நெல்லுக்கு மதகு திறந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் சமயம்.

காரணம் இருக்கிறது. நம் ஏரிகளுக்குக் கரை ஒரு பக்கம்தான், எதிர்ப்பக்கம் நிலம் கண்ணுக்கே தெரியாமல் மெல்ல மேடேறிப் போகும். கரையோரம் ஆளை முழுங்கும் ஆழம் இருந்தாலும் அந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர்தான், அதனால் மட்டம் ஒரு அடி இறங்கினால் போதும், அங்கே ஏக்கர் கணக்கில் சேறு தலைகாட்டும். சேற்றில் புழு, நத்தை, பள்ளத்தில் சிக்கிய குஞ்சு மீன். அப்புறம் பறவைகளைக் கேட்கவா வேண்டும்? காலின் நீளத்துக்கு ஏற்ப அதுஅது இடம் பிடித்துக்கொள்ளும்: ஈரச் சேற்றில் உள்ளான்கள், கணுக்கால் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான், இன்னும் உள்ளே நாரைகளும் கரண்டிவாயனும், ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். ஏரி நிரம்பிக் கிடந்தால் இந்த வரிசை முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்விடும், நின்று மேய இடம் ஏது?

நத்தைகுத்தி நாரையைப் பொறுமையாகப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதை வைத்து நத்தையைப் பாக்குவெட்டி மாதிரி நொறுக்கும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், ஆனால் அப்படி இல்லை, அலகின் நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதை ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து இழுத்துவிடுகிறது. கரையோரம் கிடக்கிற காலி ஓடுகளை எடுத்துப் பாருங்கள், பல ஓடுகள் பெரிதாக உடையாமல் இருக்கும்.

லாரி டியூபில் பலகை கட்டி, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையாலேயே துடுப்புப் போட்டபடி வலை எடுக்கிறவர்களையும் பார்க்கலாம். ஒருவர் கரையேறியதும் மீன் கேட்டேன். கெண்டையும் ஜிலேபியும் இருந்தன. "விரால் இல்லியாண்ணா?" என்றதற்குச் சிரித்துவிட்டு, "விரால் வேணும்னா இன்னும் தண்ணி வத்தணும்பா, சேத்துல கையப் போட்டுப் புடிக்கிற மீனு அது" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லணும். தண்ணீர் ஆழமில்லை என்று நம்பிக் குழந்தைகளை இறக்காதீர்கள். மண் அள்ளின பள்ளங்கள் ஏரிகளுக்குள் இருக்கும், மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம், அடுத்த எட்டில் தலைக்கு மேலே போய்விடும். வருஷா வருஷம் எங்காவது ஓர் ஏரியில் இப்படிப் பிள்ளைகள் போகிறார்கள். கரைமேல் நடங்கள், போதும். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் போய் ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அதற்குமேல் வெயில் தாங்காது, நிழலுக்கு ஒதுங்கலாம் என்றால் சீமைக் கருவேலம்தான், அதில் முள்ளைத் தவிர என்ன இருக்கிறது. காலி பாட்டிலைப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கெட்ட வார்த்தைதான் வரும், விடுங்கள்.

பொழுது மிச்சமிருந்தால் மகேந்திரவாடிக்கும் ஓர் எட்டுப் போய் வாருங்கள். ஒற்றைப் பாறையில் மகேந்திரவர்மன் குடைந்த பெருமாள் கோயில் இருக்கிறது, மகேந்திர தடாகக் கரையில் இதைக் குடைந்ததாகக் கல்வெட்டே சொல்கிறது, அங்கேயும் பக்கத்தில் பெரிய ஏரி. திரும்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கலாம், ஆனால் சூடாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.