மாமல்லபுரத்தில் ஒரு நாள், மூன்று படங்கள்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக அறுபது கிலோமீட்டருக்குள் மாமல்லபுரம். ஸ்கெட்ச் நோட்டோடு போகிறவர்கள் அங்கே முதலில் பார்க்க வேண்டியது சூரியனைத்தான். எல்லாமே பாறை. வெயில் நேர் எதிரே விழுந்தால் செதுக்கிய உருவம் பாறையோடு பாறையாக மறைந்துவிடும். பக்கவாட்டில் விழுந்தால் விரல் நுனி வரை தெரியும். அதனால் எந்தச் சிற்பத்தை எந்த நேரத்தில் என்பதுதான் கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று படம் போதும். நான்காவதுக்கு ஆசைப்பட்டால் நான்குமே அரைகுறை.

காலையில் கடற்கரைக் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. தெற்குப் பக்கம் போய் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கம் சின்ன விமானம், வலப்பக்கம் கடலை ஒட்டிப் பெரியது. காலை வெயில் கிழக்கிலிருந்து வருவதால் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று தெளிவாகப் பிரியும். மேற்கே நின்று பார்த்தால் வெறும் கறுத்த உருவம்தான். அதுவும் பத்து நிமிட வாஷுக்கு, அதாவது நீர்த்த வண்ணப் பூச்சுக்கு, நல்ல விஷயமே.

இங்கே எல்லோரும் சறுக்குவது உயரத்தில். அடித்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தளமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். சிகரம் வருவதற்குள் தாள் முடிந்துவிடும். தளங்கள் மேலே போகப் போகச் சிறுக்கின்றன என்பதைக் கை மறந்துவிடுகிறது. முதலில் உச்சிக்கு ஒரு புள்ளி, தரைக்கு ஒரு கோடு, நடுவில் செங்குத்தாக ஓர் அச்சு. பிறகு இரண்டு பக்கமும் சாய்கோடு. அந்தக் கூம்புக்குள்தான் தளங்களைப் பிரிக்க வேண்டும். விளிம்பைக் கொஞ்சம் நெளியவிடுங்கள். பல நூற்றாண்டு உப்புக்காற்று அரித்த கல்லுக்கு ஸ்கேல் வைத்த கோடு பொருந்தாது.

ஒன்பதரைக்கு மேல் அர்ஜுனன் தபசு. கிழக்குப் பார்த்த பாறை என்பதால் விடிந்ததும் வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாம் தட்டையாகத் தெரியும். பத்திலிருந்து பதினொன்றரை வரை வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் நிழல் பிறக்கும். மதியத்துக்குப் பின் முழுப் பாறையும் நிழலுக்குள் போய்விடும். கோயில் சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பியின் கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அந்த உருவங்களையும் வரைந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நடுவிலுள்ள பிளவை முதலில் போடுங்கள், அடுத்து வலப்பக்கத்துப் பெரிய யானை. யானையின் உயரம்தான் அளவுகோல். மற்ற உருவங்கள் அதில் எத்தனை பங்கு என்று, கையை முழுக்க நீட்டிப் பென்சிலால் அளக்கலாம். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். நேரம் குறைவென்றால் யானைக்குக் கீழே தவம் செய்யும் பூனையும் எலிகளும் மட்டுமே ஒரு பக்கத்துக்குப் போதும்.

உச்சிவெயிலில் சாப்பாடு. ஏப்ரல் கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது போடும் வாஷ், தூரிகை அடுத்த பக்கம் போவதற்குள் காய்ந்து விளிம்பு தட்டிவிடும். வெயில் விழும் வெள்ளைத் தாளில் எந்த நிறமும் வெளிறித் தெரியும். அதை நம்பி அழுத்தமாகப் பூசினால் வீட்டுக்கு வந்து பார்க்கையில் படம் இருண்டு கிடக்கும். நோட்டு எப்போதும் நிழலில் இருக்கட்டும், முதுகு வெயிலில் காய்ந்தாலும் பரவாயில்லை. கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுத்தான் நிறம் கலக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் பிறகு ஐந்து ரதங்கள். கடற்கரைக் கோயிலுக்கு வாங்கிய டிக்கெட்டே இங்கும் செல்லும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். திரௌபதி, அர்ஜுன, பீம, தர்மராஜ ரதங்கள் நான்கும் மேற்குப் பார்த்தவை. மாலை வெயில் வாசலில் விழும். திரௌபதி ரதம் கூரைக் குடிசை போல. அதை வரைந்துவிட்டால் மற்றவற்றின் உயரத்தை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். ஒரு அடி உயர மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அந்தக் கண்மட்டக் கோடு அவர்கள் இடுப்பருகே போகும். உட்கார்ந்துகொண்டு வரைந்துவிட்டு, கூட்டத்தின் தலைகளை மட்டும் ஒரே மட்டத்தில் வைத்தால் படத்தில் ஆட்கள் மிதப்பார்கள். ஸ்டாண்டு விரித்தால் அனுமதி கேட்பார்கள். மடியில் வைத்து வரைகிறவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை.

பைக்குள் ஏ5 நோட்டு. பேனாவும் மெல்லிய வாஷும் என்றால் தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை), நீர் அதிகம் ஓடவிடுகிறவர்களுக்கு 300. நூறு ஜிஎஸ்எம் தாள் ஒரே வாஷில் அப்பளமாகிவிடும். சாதாரண பவுண்டன் பேனா மை தண்ணீர் பட்டால் கரையும், 0.3, 0.5 மில்லிமீட்டர் பிக்மென்ட் மைப் பேனா கரையாது, ஆனால் கடற்கரை ஈரத்தில் காய இரண்டு மூன்று நிமிடம் கொடுக்க வேண்டும். கடல் காற்றுக்கு இரண்டு கிளிப் கட்டாயம். கல்லுக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் வேண்டாம், சிமென்ட் போலிருக்கும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரின் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வெயில் பட்ட கல்லும் நிழல் கல்லும் அதிலேயே கிடைக்கும்: சியன்னா மிஞ்சினால் வெயில், நீலம் மிஞ்சினால் நிழல். மாடத்து நிழலையும் தரை நிழலையும் தனித்தனியாகப் பூசாமல் ஒரே ஓட்டத்தில் இணைத்துவிடுங்கள்.

பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கம் ஒட்டி உரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தாளுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. நடுவே ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள்.