டியூபை எடுத்து வந்தீர்களா?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் மகளின் மோவாயில் நான்கைந்து சிவப்புப் பொரிகள் தெரிந்தன. அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. கரும்பு கடித்து வாயோரம் புண்ணாகியிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவி விட்டேன். மூன்றே நாளில் அவை வாயின் இரு பக்கமும் ஏறி மூக்கு மடிப்பைத் தொட்டுவிட்டன. காய்ச்சல் இல்லை, பெரிதாக அரிப்பும் இல்லை. முகம் கழுவும்போது மட்டும் "எரிகிறது அம்மா" என்பாள்.

என் மாமியார் பார்த்தவுடன் அக்கி என்றார். உறையூரில் காவி குழைத்து அக்கி எழுதுகிற குயவர் ஒருவரை அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம் என்றார். "வேண்டாம் அத்தை" என்று சொல்லிவிட்டு, நான் போனது தெருமுனை மருந்துக் கடைக்கு. கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து வைத்தார். "ஒரு வாரம் போடுங்கள் அம்மா, ஓடிவிடும்."

ஓடித்தான் போனது. இரண்டாம் நாளே சிவப்பு மங்கி, நான்காம் நாள் முகம் வழவழப்பானது. நிறுத்திய மூன்றாம் நாள் திரும்பி வந்தது, முன்பைவிட நெருக்கமாக. மறுபடி தடவினேன், மறுபடி அடங்கியது. இப்படியே ஐந்து வாரம் கடந்தது. இடையில் காட்டிய குழந்தைகள் மருத்துவர் ஒவ்வாமை என்று சொல்லி ஒரு சிரப் எழுதினார். அவரிடம் அந்த டியூபைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கடையில் கேட்டு வாங்கினேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மார்ச் தொடக்கத்தில் கீழ் இமை ஓரத்திலும் பொரி வந்தபோது பயந்துபோனேன். விடியற்காலையில் கிளம்பி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருந்தோம். மருத்துவர் என் மகளை ஜன்னல் பக்கம் திருப்பி, மோவாயை இரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு என்னை அருகில் அழைத்துக் காட்டினார். உதட்டைச் சுற்றி ஒரு நூல் கனத்துக்குத் தோல் சுத்தமாக இருந்தது. அதற்கு வெளியேதான் பொரிகள் தொடங்கின. அத்தனை நாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கோடு கண்ணில் படவே இல்லை.

"முகத்தில் என்ன தடவினீர்கள்? டியூபை எடுத்து வந்தீர்களா?"

பைக்குள்தான் இருந்தது. அவர் அதன் பொடி எழுத்தை வாசித்துக் காட்டினார். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, கூடவே ஓர் ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிகவும் வலுவான வகையைச் சேர்ந்தது அது. குழந்தையின் முகத்தோல் மெல்லியது என்பதால் மருந்து சுலபமாக உள்ளே இறங்கிவிடும். ஆனால் அது அழற்சியை அப்போதைக்கு அடக்குமே தவிரத் தீர்க்காது; போட்டால் அடங்குவதும் விட்டால் சீறுவதும் அதனால்தான் என்றார். நோயின் பெயர் பெரியோரிஃபிஷியல் டெர்மடைடிஸ். வாய், மூக்கு, கண்களைச் சுற்றி வரும் அழற்சி. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற வரி அந்த டியூபிலேயே அச்சாகியிருந்தது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டு வேண்டிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தோல் மருத்துவர்கள் சங்கமும் பல ஆண்டுகளாக இந்தப் பூச்சுகளைப் பற்றி எச்சரித்து வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தாய் கேட்டவுடன் அது கைக்கு வந்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சிகிச்சையில் கடினமானது அந்தப் பூச்சை நிறுத்துவதுதான். எண்ணெய், கடலை மாவு, மஞ்சள், கிரீம் எதுவும் முகத்தில் படக் கூடாது, வெறும் தண்ணீர் போதும் என்றார். மெட்ரோனிடசோல் ஜெல்லும், சாப்பாட்டுக்குப் பின் எரித்ரோமைசின் சிரப்பும் எழுதினார். பெரியவர்களுக்கு இதே நோய்க்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், வளரும் பற்களில் கறை படியச் செய்யக்கூடும் என்பதால் இந்த வயதில் தருவதில்லையாம். "முதல் இரண்டு வாரம் இன்னும் மோசமாகும். அப்போது டியூபைத் தேடாதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார்.

சொன்னபடியே ஆனது. ஐந்தாம் நாள் காலையில் வாயைச் சுற்றிச் செக்கச்செவேலென்று வீங்கி, சில பொரிகளில் சீழ் முனை தெரிந்தது. வாயைத் திறந்தால் தோல் இழுக்கிறது என்று இட்லியைக்கூட மறுத்து, மோர் சாதத்தைக் கரைத்துக் குடித்தாள். அன்றிரவு அலமாரியைத் திறந்து டியூபைக் கையில் எடுத்துவிட்டேன். அத்தைதான் பிடுங்கி, கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட்டார். குயவர் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவில்லை.

பள்ளியில் பக்கத்துக் குழந்தையின் அம்மா இடம் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு திரும்பினாள். மறுமுறை போனபோது மருத்துவரிடம் கேட்டு, "தொற்று நோய் அல்ல, பள்ளிக்கு வரலாம்" என்று சீட்டிலேயே எழுதி வாங்கி ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் மறுநாளே அவளைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டார். அதற்கு அவருக்கு நன்றி.

தினமும் காலை ஏழு மணிக்கு அதே ஜன்னல் ஓரத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். நேற்றையதோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, போன வாரத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மூன்றாம் வாரம் இமை தெளிந்தது. ஆறாம் வாரம் மூக்கு மடிப்பு. மோவாய்தான் கடைசி வரை அடம்பிடித்தது. ஒன்பதாம் வாரம் மருந்துகள் எல்லாம் நின்றன. வெளிறிய சில தடங்கள் மட்டும் மிச்சம்; அவையும் மெல்ல மறையும் என்றார் மருத்துவர்.

சில குழந்தைகளுக்கு இது திரும்ப வருமாம். வந்தால் எதையும் தடவாமல் நேரே வரச் சொல்லியிருக்கிறார். பழைய ஓ.பி. சீட்டை அரிசி டப்பாவுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.