இருபத்தைந்தில் தொடங்கும் மாத்திரை

ஜனவரி 6

இன்று முதல் லாமோட்ரிஜின், வலிப்புக்கான மாத்திரை. ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து 50, அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்களாம். வலிப்பு மறுபடி வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருப்பவளுக்கு இந்த நிதானம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டேவிட்டேன். வேகமாக ஏற்றினால் தோலில் தடிப்பு வரும் ஆபத்து கூடுமாம், அதில் ஒரு வகை உயிருக்கே உலை வைக்கும் (ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று பெயர் சொன்னார்). வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர் துருவித் துருவிக் கேட்டதும் அதற்காகத்தான். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து கூடவே இருந்தால் லாமோட்ரிஜின் உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்குமாம், அதனால் அதையும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் 25. ஆக, இது எனக்குப் போட்ட கணக்கு. இதைப் பார்த்து யாரும் தங்கள் அளவை மாற்ற வேண்டாம்.

ஜனவரி 9

செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஆனால் அலாரத்தை அணைத்துவிட்டு, போட்டோமா இல்லையா என்று குழம்புவதுதான் மனித சுபாவம். அதனால் அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் நேராக மை பேனாவால் தேதி எழுதிவிட்டேன். இன்றைய தேதிக்கு மேல் தகடு கிழிந்திருந்தால் போட்டாயிற்று. மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

ஜனவரி 15

முழங்கைக்கு உள்பக்கம் சிவப்பாகப் பொரிப்பொரியாக. அரிப்பு. கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தேன், புண் இல்லை. காய்ச்சல் இல்லை, கண் சிவக்கவில்லை. இருந்தாலும் சும்மா இருக்கவில்லை, உடனே போன் செய்தேன், அன்றே வரச்சொல்லிப் பார்த்தார். வியர்க்குரு. இந்த மருந்தில் மோசமான தடிப்பு பெரும்பாலும் முதல் 2 முதல் 8 வாரத்துக்குள்தான் வருமாம், அதனால் இந்தக் காலத்தில் எந்தத் தடிப்பையும் நீங்களாக எடைபோடாதீர்கள் என்றார். காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் உரிதல் இதில் ஏதாவது கூட வந்தால் நேராக அவசர சிகிச்சைதான். புதுச் சோப்பு, புது கிரீம் எதையும் இப்போது ஆரம்பிக்காதே என்றும் சொன்னார். தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடுமே!

ஜனவரி 21

நேற்றிலிருந்து 50. லேசான தலைசுற்றல், கனவுகள் மட்டும் கலர்கலராக. வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டர் சரி என்று சொல்லும்வரை பேச்சே இல்லை.

பிப்ரவரி 4

"இப்போ நல்லாத்தானே இருக்கே, எதுக்கு இன்னும் மாத்திரை?" என்று கேட்காத ஆள் இல்லை. நல்லா இருப்பதே மாத்திரையால்தானே! திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம், நிற்காமல் தொடரவும் செய்யலாம். நிறுத்துவதென்றாலும் டாக்டர் சொல்லி, மெல்ல மெல்லக் குறைத்துத்தான். இந்த மருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நேரே தாவக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் மறுபடி அடியிலிருந்துதான் ஏற வேண்டியிருக்கும். இவ்வளவு பொறுமையாக ஏறி வந்துவிட்டு மறுபடி 25க்குப் போக எனக்குத் தெம்பில்லை, அதனால் அட்டையில் ஒரு வார மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறேன்.

பிப்ரவரி 17

மருந்துக்கடையில் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்தார்கள். நிறம் வேறு, வடிவம் வேறு. வாங்கிப் பையில் போடாமல் அங்கேயே மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். லாமிவுடின் என்று ஒரு மருந்து இருக்கிறது, அது வைரஸுக்கு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் மாறிப்போன சம்பவங்கள் உண்டு. இது லாமோட்ரிஜின்தான், மில்லிகிராமும் சரி. ஆனாலும் கம்பெனி மாறியதை டாக்டரிடம் சொல்லிவைத்தேன். முடிந்தவரை ஒரே கம்பெனியாக வாங்கிக்கொள் என்றார்.

மார்ச் 2

பெண்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் என்ற வேறு வலிப்பு மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு நேர்மாறு, அங்கே கருத்தடை மாத்திரைதான் வலுவிழக்கும். வலிப்பு டாக்டர் ஒரு பக்கம், மகப்பேறு டாக்டர் ஒரு பக்கம், நடுவில் செய்தி கொண்டுபோக வேண்டியது நாம்தான். கருத்தரித்திருப்பது தெரிந்ததும் பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கர்ப்பத்தில் லாமோட்ரிஜின் அளவு இறங்குவதால் டோஸைக் கூட்டவேண்டியிருக்கும், அதனால் திட்டமிடும்போதே போய்க் கேட்பது நல்லது.

மார்ச் 16

அம்மாவையும் தம்பியையும் உட்காரவைத்துப் பேசினேன். முதலில் மனசு விஷயம். வலிப்பு மருந்துகள் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008இல் எச்சரித்தது. அரிதுதான், ஆனால் நான் ஆளே மாறிப்போனதுபோல் தெரிந்தால் எனக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரியும், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். தம்பி தலையாட்டினான். அப்புறம் வலிப்பு வந்தால் என்ன செய்வது. கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அம்மா உடனே, "மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிட்டால் சீக்கிரம் நிற்காதா?" என்றார். நிற்காது. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதுவும் இந்த மாத்திரை அந்த நிமிடத்துக்கானதே இல்லை. அந்த நிமிடத்துக்கென்று மூக்கில் அடிக்கும் மிடசோலம் இருக்கிறது, அது எனக்குத் தேவையா என்று அடுத்த முறை கேட்க வேண்டும். அம்மாவையும் கூட்டிப்போகிறேன், அவருக்கும் கேட்க ஒரு பட்டியல் இருக்கிறதாம்.